மாலை கழற்றிய மறுநாள்

பதினோரு வருடமாகக் கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறேன். நாற்பத்தோரு நாள் நான் வேறு ஆள். காலை நாலு மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பேன், மார்கழிப் பனியில் சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, கறி கிடையாது. செருப்புக் கிடையாது. நான் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், செவ்வாய்ப்பேட்டையில். பட்டறையில் வெறுங்காலோடு நடந்தால் நறுக்கிப் போட்ட வெள்ளிக் கம்பித் துண்டு நறுக்கென்று ஏறும். அதையும் பொறுத்துக்கொண்டு சரணம் சொல்லிக்கொண்டு இருப்பேன். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டேன், வேலைக்கு வருகிற பையன் பற்றாசு (வெள்ளியை ஒட்ட வைக்கிற கலவை) போட்ட இடத்தைக் கருக்கிவிட்டாலும் "பரவாயில்லை சாமி, மறுபடி பண்ணு" என்பேன்.

மலைக்குப் போய் வந்து, அம்மா கையால் மாலையைக் கழற்றிப் பாலில் போட்ட மறுநாள் என்ன நடக்கும் என்பதைத்தான் எழுத வந்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு எழுந்திருப்பேன். படுக்கையிலேயே போன். முதலில் வெள்ளி விலை, அப்புறம் வாட்ஸ்அப், அப்புறம் யாரோ எங்கேயோ பரோட்டா வீசுகிற வீடியோ, அதற்குப் பிறகு எப்படி எங்கே போனேன் என்றே தெரியாமல் ஒரு மணி நேரம். மத்தியானம் பிரியாணி. சாயங்காலம் சேக்காளிகளோடு உட்கார்ந்து நாற்பத்தோரு நாள் பாக்கியை வட்டியோடு கட்டுவது. ராத்திரி வீட்டுக்கு வந்து சின்ன விஷயத்துக்குப் பெரிய சத்தம். இதையே வருடக் கணக்காகச் செய்திருக்கிறேன், ஒரு தடவைகூட விசித்திரமாகத் தோன்றவில்லை. எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மாலை கழற்றி நாலைந்து நாள் இருக்கும், என் மகள் (அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள்) கணக்கு நோட்டை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினாள். நான் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. நேராகப் பார்த்து, "அப்பா, மாலை போட்டா மட்டும் ஏன் கத்த மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள். சாமிக்குப் பயந்துதான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால், மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாள் சாமி இல்லையா என்பாள். நான் ஒன்றும் சொல்லாமல் பட்டறைக்குக் கிளம்பிவிட்டேன்.

அடுத்து வந்த மாசி மாதத்தில் ரத்தப் பரிசோதனை. வீட்டில் தொந்தரவு செய்ததால் போனேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை என்று ஒன்று எடுப்பார்களே, அது 6.2 காட்டியது. 5.7-க்குக் கீழே இருந்தால் சரி, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டர். நான் விடவில்லை. அந்த மூன்று மாதத்தில் நாற்பத்தோரு நாள் விரதம் இருந்தேனே சார் என்றேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். காலையில் பொங்கல், மத்தியானம் ஏதாவது ஒரு சாமி வீட்டு அன்னதானம், வடை பாயசத்தோடு, ராத்திரி பஜனை முடிந்து சர்க்கரைப் பொங்கல், சுண்டல். அவர் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

சரி, மாலை போட்டால் முடிகிறது என்றால், மாலை இல்லாமலே மாலை போட்ட மாதிரி இருந்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். பங்குனி ஒன்றாம் தேதி ஆரம்பம். நாலு மணிக்கு எழுவது, மூக்கனேரியைச் சுற்றி ஒரு மணி நேரம் நடை, சர்க்கரை இல்லாத டீ, சோறு பாதி, போன் தொடுவதில்லை, குடியில்லை, கத்துவதில்லை, தினம் இருநூறு ரூபாய் உண்டியலில். எல்லாம் ஒரே நாளில். யூடியூபில் ஒருத்தர் எந்தப் பழக்கமும் இருபத்தோரு நாளில் வந்துவிடும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். நாற்பத்தொன்றில் இருக்கிறவன் இருபத்தொன்றில் இருக்க மாட்டேனா?

ஒன்பது நாள். பத்தாம் நாள் கல்யாண வீடு ஒன்று, அங்கே ஒரு ஜிலேபி. ஜிலேபி தின்றதுதான் தின்றோம் என்று சாயங்காலம் சேக்காளிகளோடு போனேன், போனதுதான் போனோம் என்று நடு ராத்திரி வரை போன், மறுநாள் எட்டரை. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மொத்தக் கொலுசும் கையில் வருமே, அந்த மாதிரி.

அந்த இருபத்தோரு நாள் கதையைப் பிற்பாடு தேடிப் படித்தேன். 1960-இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக இருபத்தொரு நாளாவது ஆகிறது என்று எழுதினார். புது மூக்கு பழகுகிற கணக்கை நம் ஆட்கள் அதிகாலை எழுவதற்குப் போட்டுவிட்டார்கள். 2009-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்து நிஜமாகவே அளந்து பார்த்ததில், ஒரு பழக்கம் தானாக ஓட ஆரம்பிக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்குக் கணக்குப்படி 254 வரை இழுக்கும். நம் மண்டலக் கணக்கு இருபத்தொன்றைவிட அதற்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அதே ஆய்வில் இன்னொன்று இருந்தது, அதைக் கீழே சொல்கிறேன். அதன் அருமை தெரிய எனக்கு ஒரு சாயங்காலம் வேண்டியிருந்தது.

பட்டறை வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வியாபாரி கட்டி வெள்ளி தருவார், எடை போட்டு. நாங்கள் உருக்கிக் கம்பி இழுத்து, நறுக்கி, வளைத்து, பற்ற வைத்து, ஆசிட்டில் போட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்து மெருகு கொடுத்துத் திருப்பித் தருவோம், மறுபடி எடை போட்டு. காலையில் ஒவ்வொரு ஆளுக்கும் எடை போட்டுத்தான் கொடுப்பேன், சாயங்காலம் செய்த கொலுசு, மிச்சக் கம்பி, நறுக்கின துண்டு எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டுத்தான் வாங்குவேன். வித்தியாசம்தான் சேதாரம். கிலோவுக்கு இவ்வளவு என்று முன்னாலேயே பேசி வைத்திருப்போம். அதற்கு மேல் போனால் என் கைக்காசு.

சித்திரையில் ஒரு நாள். வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்த சமயம். சாயங்காலம் எடை போட்டால், பேசின சேதாரம் போக மூன்று கிராம் இருநூறு மில்லி குறைகிறது. ஃபேனை நிறுத்தினோம். நான், மூன்று ஆட்கள், நாலு பேரும் தரையில் குந்தி, டார்ச் அடித்து, பாயை உதறி, பிரஷ் இடுக்கெல்லாம் தட்டி, ஒன்றரை மணி நேரம். வேலை செய்கிற பலகையின் விரிசலுக்குள் ஏழெட்டுத் துண்டு சொருகிக் கிடந்ததை ஊசியால் நெம்பி எடுத்தோம். இரண்டு கிராம் அறுநூறு. பாக்கி அறுநூறு மில்லி குப்பையோடு போயிருக்கும். அந்தக் குப்பையையும் நாங்கள் கொட்ட மாட்டோம், டின்னில் சேர்த்து வைத்தால் வாங்கிக்கொண்டு போய் உருக்கி வெள்ளி எடுக்க ஆள் இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது எங்கள் தொழிலுக்கென்றே சொன்னது போல இருக்கும்.

தேடி முடித்து, டீ சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்தேன். அதில் அந்த வாரம் திரை பார்த்த நேரம் என்று ஒரு அறிவிப்பு வந்திருந்தது. தினசரிச் சராசரி ஐந்து மணி நாற்பது நிமிடம்.

முந்நூற்று இருபது ரூபாய் வெள்ளிக்காக நாலு பேர் முட்டி தேயத் தரையைத் துடைத்திருக்கிறோம். இங்கே தினம் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம் எங்கே விழுந்தது என்று நான் ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

அன்றைக்கு ராத்திரியே பட்டறையின் நீள நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். ஐந்து கட்டம். எழுந்த நேரம், போன், நடை, வீண் செலவு, கத்தல். எதையும் மாற்றவில்லை, எடை மட்டும் போடுவது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் எழுதியதெல்லாம் பொய். வேண்டுமென்று இல்லை. ராத்திரி யோசித்து 'போன் - 2 மணி' என்று எழுதுவேன், செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் நாலேகால். நடையையும் அப்படித்தான், கடைக்குப் போய் வந்ததையெல்லாம் நடையில் சேர்த்திருந்தேன். வெள்ளியை யாராவது ஞாபகத்தில் வைத்து எடை சொல்வார்களா? அதற்குப் பிறகு போனில் காட்டுகிற எண்ணை அப்படியே எழுதுவது, நடைக்குக் கடிகாரம் பார்த்து எழுதுவது, டீக்கடைக் கணக்கை டீக்கடைக்காரரிடமே கேட்டு எழுதுவது என்று ஆனது. நீங்கள் யாராவது இதை முயற்சி செய்தால் முதல் பதினைந்து நாள் எதையும் திருத்தாதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள். கைக்குக் கூச்சம் வந்துவிடும். 'போன் 5.10' என்று தன் கையாலேயே எழுதுவது கொஞ்சம் அசிங்கமான வேலை.

பதினாறாம் நாள் ஒன்றே ஒன்றை மாற்றினேன். பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன், தலையில் இரண்டு மணி வைத்த பழைய மாடல். எனக்குப் போன் படுக்கைக்கு வந்ததே அலாரம் என்கிற சாக்கில்தான். சாக்கை எடுத்துவிட்டால் போன் ஹாலில் டிவி பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அந்த ஒரு காரியத்தில் தினம் ஒன்றரை மணி நேரம் குறைந்தது, காலையில் ஒன்று, ராத்திரி அரை. மன உறுதி ஒன்றும் தேவைப்படவில்லை, எழுந்து போய் எடுக்கச் சோம்பல், அவ்வளவுதான். என் சோம்பேறித்தனம் எனக்கு உபயோகமானது அன்றைக்குத்தான். பட்டறையில் போனைக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டிவிடுவேன். வியாபாரி கூப்பிட்டால் சத்தம் கேட்கும், எடுப்பேன். மற்றதற்குச் சாவி திருப்ப வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். போன் நேரம் அவ்வளவு ஏறியிருந்ததற்கு வீடியோ மட்டும் காரணமில்லை. விலை ஏறினதும் ஆர்டர் குறைந்தது, பத்து ஜோடி எடுக்கிற கடைக்காரர் நாலு ஜோடி எடுத்தார், கை சும்மா இருந்தது, போனிலேயே வெள்ளியை வாங்கி விற்கிற ஆட்டத்தில் இறங்கியிருந்தேன். காலையில் வாங்கி மத்தியானம் விற்பது. நான் வெள்ளித் தொழில்காரன், எனக்குத் தெரியாததா என்கிற திமிர். நாற்பதாயிரம் போனது. வீட்டில் சொல்லவில்லை. நோட்டில் 'வீண் செலவு' கட்டத்தில் அதை எழுதாமல் மூன்று நாள் விட்டேன், நாலாவது நாள் எழுதினேன், எழுதின நோட்டை வீட்டில் பார்த்துவிட்டார்கள். அன்றைக்கு நடந்ததை விவரிக்க வேண்டாம். "கொலுசு செஞ்சு பொழைங்க, வெள்ளியை வெச்சு சூதாடாதீங்க" என்று மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. அந்த ஆப்பை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

நடைக்கு வருகிறேன். வாரம் 150 நிமிடமாவது கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவுக்கு நட என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரித்துப் போட்டால் ஐந்து நாள், அரை மணி. என் பங்குனித் தீர்மானத்தில் ஏழு நாள், ஒரு மணி வைத்திருந்தேன் என்பதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஐந்தரைக்கு எழுந்து மூக்கனேரிக் கரைக்குப் போவேன். 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் கூடித் தூர்வாரி, ஏரிக்குள்ளேயே மண் திட்டுப் போட்டு மரம் நட்டார்கள், இப்போது விடிகிற நேரத்தில் அந்தத் திட்டுகளில் இருந்து நாரையும் கொக்கும் கிளம்புகிற சத்தம் இருக்கிறதே, அதற்காகவே போகலாம். சேர்வராயன் மலை அந்தப் பக்கம் கருநீலமாக நிற்கும். மழை நாளில் மேகம் பாதி மலை வரை இறங்கியிருக்கும். இத்தனை வருடம் இந்த ஏரிக்குப் பக்கத்தில் எட்டரை வரை தூங்கியிருக்கிறேன்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் தெருவிலேயே நடப்பதையும் டாக்டர் சொல்லிச் சேர்த்துக்கொண்டேன், சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தால் சர்க்கரை ரொம்ப ஏறாது என்றார். டீயில் சர்க்கரையை ஒரேயடியாக விட முடியவில்லை. மூன்று டீயை இரண்டாக்கி, இரண்டில் ஒன்றைச் சர்க்கரை இல்லாமல், அப்படித்தான் இறங்கி வந்தேன். தட்டுவடை செட்டை மட்டும் தொடவில்லை, அதாவது விடவில்லை. சேலத்தில் பிறந்துவிட்டு அதையும் விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? வாரம் ஒன்று, சனிக்கிழமை.

ஆடி வந்தது. எங்கள் ஊரில் ஆடி என்றால் தெரியும், மாரியம்மன் கோயில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பண்டிகை, பட்டறை லீவு, சொந்தக்காரர் வீடு, கெடா வெட்டு, குகையில் வண்டி வேடிக்கை. நாலு நாள் நோட்டையே திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை படுத்துக்கொண்டே யோசித்தேன், பங்குனியில் ஜிலேபிக்கு அப்புறம் இப்படித்தான் படுத்திருந்தேன்.

அந்த லண்டன் ஆய்வில் இருந்த இன்னொரு விஷயம் என்று சொன்னேனே, அது இதுதான்: நடுவில் ஒரு தடவை விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை. இது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். வெள்ளி வேலையில் சேதாரமே இல்லாமல் செய்கிறேன் என்று எவனாவது சொன்னால் அவனிடம் வெள்ளி கொடுக்க மாட்டார்கள், ஒன்று வேலை தெரியாதவன், இல்லை கலப்படம் பண்ணுகிறவன். உருக்கினால் போகும், தேய்த்தால் போகும். எவ்வளவு போகலாம் என்று முன்னாலேயே பேசி வைப்பதுதான் தொழில். மாலையில் அந்தப் பேச்சே கிடையாது. நாற்பத்தோரு நாளைக்கு ஒரு மில்லி குறையக்கூடாது. விரதம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. அதில் சுற்றி இருக்கிற அத்தனை பேரும் நம்மைத் தாங்குகிறார்கள், டீக்கடையில் "சாமிக்கு பால்" என்று தனி டம்ளர் வருகிறது, வீட்டில் கறி வாசமே இல்லை, முடிகிற தேதியும் தெரியும். அதே தராசைத் தூக்கிவந்து வருடம் பூராவும் வைத்தால், முதல் மில்லி குறைந்த அன்றைக்கே கடையை மூடிவிடத் தோன்றும்.

அதனால் நோட்டில் ஆறாவது கட்டம் போட்டேன், சேதாரம். மாதத்துக்கு நடையில் ஆறு நாள் போகலாம். பத்துக்கு மேல் தூங்கப் போவது நாலு நாள். சேக்காளிகளோடு உட்காருவது ஒரு நாள், இது முதலில் இரண்டாக இருந்தது. ஆடி மாதம் அத்தனையும் தாண்டிப் போயிருந்தது. சரி, கைக்காசு என்று எழுதிவிட்டு, எழுந்து பல் விளக்கினேன்.

சேக்காளிகளில் இரண்டு பேர் இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லை. பெரிய மனுஷன் ஆகிவிட்டான் என்று காதில் விழுந்தது. அதில் வருத்தம் இருக்கிறது, இருபது வருடப் பழக்கம். அதற்கு என்னிடம் வழி எதுவும் இல்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மகளை வண்டியில் வைத்துக்கொண்டு ஏற்காடு ஏறினேன். போனை வீட்டில் வைத்துவிட்டேன், அடிவாரம் தாண்டும்வரை பாக்கெட்டைத் தடவிக்கொண்டே இருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் அவள் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தாள். மேலே காபித் தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்தினோம். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருந்தது, சின்ன வயதில் பச்சை மிளகைப் பறித்துக் கடித்துக் கண்ணில் தண்ணீர் வந்த கதையைச் சொன்னேன். போட்டோ எடுக்கக் கை போனது, போன் இல்லை. அவள் அரை மணி நேரம் பள்ளிக்கூடக் கதை சொன்னாள். அவள் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த கார்த்திகைக்கு முன்னால் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 5.8. இன்னும் கோட்டுக்கு மேலேதான், ஆனால் டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை, அன்னதானத்தில் பாயசம் ஒரு கரண்டி மட்டும் என்று எழுதியே கொடுத்தார். குருசாமியிடம் காட்டினேன். "எழுதிட்டாரில்ல சாமி, குடிக்காதே" என்றார்.

மலைக்குப் போய் வந்து, மாலை கழற்றினேன். மறுநாள் அலாரம் ஐந்தரைக்கு அடித்தது. வெந்நீர் போட்டுத்தான் குளித்தேன், அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. செருப்புப் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனேன். சாயங்காலம் பட்டறையில் எடை எல்லாம் போட்டு முடித்து, நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுதினேன். கத்தல் கட்டத்தில் 1 என்று போட்டேன், பால் பொங்கியதற்கு.

மகள் எட்டிப் பார்த்தாள். பேனாவை வாங்கி அதை அடித்து 2 என்று எழுதினாள். "காலையில ஆட்டோக்காரரை விட்டுட்டீங்க."